கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை

எங்க சங்ககிரிப் பக்கம் முரட்டு அப்பன் இருந்த வீடுகளில் கூடப்பிறந்தவர்கள் வருசக்கணக்கில் பேசாமல் இருப்பது சகஜம். அப்பன் கண்ணை மூடியதும் கட்டிப்பிடிச்சு அழுது ஒண்ணாயிடுவாங்க. நல்லதுதான். ஆனால் கருமாதி முடிஞ்ச கையோடு, "ஒரு கையெழுத்துப் போட்டுடு சாமி" என்று தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுறாங்க. "நகைநட்டு, சீர் எல்லாம் செஞ்சாச்சே" என்பது அவங்க நியாயம்.

சீர் வேறு, பங்கு வேறு. பூர்வீகச் சொத்தில் 1989-ல் தமிழ்நாட்டில் கல்யாணம் ஆகாத மகளுக்கும், 2005-ல் நாடு முழுக்க எல்லா மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தாச்சு. அப்பன் 2005-க்கு முன்னாடியே இறந்திருந்தாலும் உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

காடு வேண்டாம்னு அவளே மனசாரச் சொன்னால் சரி. கேட்காமலே எழுதி வாங்கினால் அந்த உறவு அடுத்த பொங்கல் வரைக்கும் தாங்காது. பட்டணத்துத் தங்கச்சிகளே, அழுத கண்ணோடு கையெழுத்துப் போடாதீங்க; படிச்சுப் பார்த்துப் போடுங்க.