முதலில் காது... பிறகு ஸ்பேனர்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். நிலா வரவில்லை, என் அப்பாவின் வேன்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். படித்ததைக் கொண்டு முதலில் பேச வேண்டிய விஷயமும் அதுதான் என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு கோட்டூர்புரத்தில், அடையாற்றின் கரையோரம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டிய மழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து ஆற்றை ஊருக்குள் கொண்டுவந்தன. எனக்கு அப்போது எட்டு வயது. மாடி வீட்டு அக்கா எங்களை மேலே ஏற்றிக்கொண்டார். கீழே தெருவில் அப்பாவின் பழைய வேன் கண்ணாடி வரை மூழ்கிக் கிடந்தது. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி. அதுதான் எங்களுக்குச் சோறு.

தண்ணீர் வடிந்தது. ஆயிலை மாற்றி, துடைத்துக் காயவைத்து, ஒருவழியாக வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஓடும்போது 'டப்... டப்...' என்று வெடி! முதல் மெக்கானிக், "சைலன்சர் போச்சுண்ணே" என்றார். மாற்றினோம், வெடித்தது. அடுத்தவர் கார்பரேட்டர் என்றார். மாற்றினோம், வெடித்தது. மூன்றாமவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். அப்போதும் வெடித்தது! அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வேன் எடைக்குப் போனது. அன்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "காசு போனாப் போவுது. வண்டிக்கு என்னதான் ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையேடா!"

நண்பர்களே, அந்த மெக்கானிக்குகளைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சின்ன வயதிலேயே ஸ்பேனர் பிடித்தவர்கள். அவர்களை உட்காரவைத்துத் தியரி சொல்லிக் கொடுத்தவர் யார்? என் கேள்வி நமக்குத்தான். தியரி படிக்கும் நாம் என்ன செய்கிறோம்?

வெடிச் சத்தம் என்பது நோயல்ல, நோயின் அறிகுறி. சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் வேறு இடத்தில் எரிகிறது, அவ்வளவுதான். ஆகவே முதல் கேள்வி, 'எங்கே வெடிக்குது?'

பின்னால் சைலன்சரில் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சூட்டில் பற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். பிளக்கில் ஸ்பார்க் விட்டுவிட்டு வரலாம். பெட்ரோல் அதிகமாக, அதாவது ரிச்சாகப் போகலாம். சைலன்சர் குழாய் இணைப்பில் வெளிக்காற்று புகலாம். முன்னால் இன்லெட் பக்கம் திருப்பி அடித்தால், கலவையில் காற்று அதிகமாகி லீனாக இருக்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் என்று படித்திருக்கிறோம். காற்று அதற்கு மேல் மிஞ்சினால் கலவை மெதுவாக எரியும். இன்லெட் வால்வு மறுபடி திறக்கும்போதும் உள்ளே நெருப்பு மிச்சமிருக்கும். வால்வு சரியாக உட்காராவிட்டாலும், டைமிங் தப்பினாலும், பிளக் ஒயர்களை இடம் மாற்றி மாட்டினாலும் இதே கதைதான்.

இரண்டாவது கேள்வி, 'எப்போது வெடிக்குது?' இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? மழை பெய்த மறுநாள் மட்டுமா? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவர் டிரைவர். அவரைக் கேட்கக் காசு செலவில்லை!

பிறகு செலவில்லாத சோதனைகள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன், இளம் பழுப்பாக இருந்தால் நலம். பழைய வண்டியானால் இருட்டில் பானெட்டைத் திறந்து, கை வைக்காமல் கவனியுங்கள். ஈரமோ வெடிப்போ உள்ள பிளக் ஒயரில் நீலப் பொறி ஓடுவது தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பார்ட்ஸ் கடை.

"இப்போ எல்லாத்துக்கும் ஸ்கேனர் இருக்கே!" என்பீர்கள். உண்மை. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 கார்களில் இன்ஜின் கோளாறுகளைக் கம்ப்யூட்டரே குறித்து வைக்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஆனால் ஏன் என்று அது சொல்லாது. அந்தக் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். கோடு பி0302 என்று மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். இப்படியே ஓட்டினாலும் ஆபத்து. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும். சின்னச் செலவு பெரிய செலவாகும்.

அப்பா இப்போது இன்னொருவரின் காருக்கு டிரைவர். போன மாதம் அந்தக் கார் முன்னால் 'டப்' என்று அடித்தது. ஸ்கேனரில் பி0171, அதாவது லீன் என்று வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்றார்கள். "ஒரு நிமிஷம்ணே, காத்து வர்ற ஹோஸைப் பாத்துடலாமா?" என்று கேட்டேன். மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிழிசல்! ஹோஸை மட்டும் மாற்றினார்கள். சத்தம் நின்றது. அப்பா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும் கேட்டார்: "அப்போ நம்ம வேனுக்கும் இதுதானாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரமா, பிளக் ஒயரா? வண்டியே இல்லையே, எதைப் பார்த்துச் சொல்வேன்?

நண்பர்களே, நம் லேபில் பாகங்களின் பெயரைச் சொன்னால் மார்க். படம் வரைந்தால் மார்க். ரெக்கார்டு நோட்டு அழகாக இருந்தால் மார்க். கோளாறைக் கண்டுபிடித்தால்? அதற்கு மார்க்கே இல்லை! செமஸ்டருக்கு ஒரு தடவையாவது, ஆசிரியர்களே ரகசியமாக ஒரு கோளாறு வைத்த இன்ஜினை எங்கள் முன் நிறுத்தட்டும். காரணத்தைச் சொன்ன பிறகே ஸ்பேனர் கையில் கிடைக்கட்டும். நம் பகுதி மெக்கானிக் ஒருவரை அன்று விருந்தினராக அழைப்போம். அவர் காதும் நம் புத்தகமும் ஒரே பானெட்டுக்கு மேல் குனியட்டும். சங்கம் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நாளை நம்மிடம் வண்டியோடு வந்து நிற்பவர் இன்னொரு பையனின் அப்பாவாக இருப்பார். அவருக்குப் புது சைலன்சர் வேண்டாம். என்ன ஆச்சு என்று ஒரு பதில் வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லத்தானே நாம் படிக்க வந்தோம்?

சிந்திப்போம் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்