வாடகை வரவில்லை என்று பூட்டை மாற்றலாமா?

தாசேக் கெலுகோர், கெப்பாளா பத்தாஸ், பெர்தாம் வட்டாரங்களில் நம்மவர்கள் வாடகைக்கு விடும் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான். தோட்டத்தில் உழைத்த காலத்து ஊழியர் சேமநிதிப் பணத்தில் முன்பணம் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து வாங்கிய வரிசை வீடு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு அது வாடகைக்குப் போகிறது. வரும் வாடகையில்தான் வங்கித் தவணை ஓடுகிறது. இரண்டு மூன்று மாதம் வாடகை நின்றால், வங்கிக் கடிதம் வீட்டுக்காரருக்குத்தான் வரும்.

அந்த ஆத்திரத்தில் சிலர் பூட்டை மாற்றுகிறார்கள். சிலர் தண்ணீரை நிறுத்துகிறார்கள். சாமான்களை ஐந்தடிப் பாதையில் எடுத்து வைப்பவர்களும் உண்டு. “என் வீடு, என் சாவி” என்பது அவர்கள் வாதம்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் வெளியேறாமல் வீட்டிலேயே இருந்தால், நீதிமன்றத்தின் மூலமாக அன்றி வேறு வழியில் அவரிடமிருந்து வீட்டை மீட்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தவருக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், ஒப்பந்தம் நடப்பில் இருப்பவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பூட்டை மாற்றிய உரிமையாளர் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம். வாடகை பாக்கி வைத்தவர் வழக்குத் தொடுப்பவராகவும், வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியவராகவும் மாறிவிடுவார்கள்.

பாக்கிக்காரரின் படத்தையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடும் பழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. அதுவும் அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

உரிமையாளருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் வரையிலான வாடகை பாக்கிக்காக, வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கும் ஆணையை நீதிமன்றத்தில் கேட்கலாம். எதிர்த்தரப்பை அழைக்காமலேயே இந்த ஆணையைப் பெற முடியும். உடுக்கும் துணிமணியையும் படுக்கையையும் தொட முடியாது. இந்த வழியை வாடகை உறவு நடப்பில் இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். முதலில் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டுப் பிறகு ஜப்தி கேட்டு வந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். அதனால் எதை முதலில் செய்வது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தம் முடிந்தும் போகாதவருக்கு 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், பிரிவு 28(4) இருக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை இரட்டை வாடகை கேட்கும் உரிமையை அது தருகிறது. வீட்டைத் திரும்பப் பெறும் வழக்கோடு சேர்த்தே இதையும் கேட்கலாம். செபராங் பிறைவாசிகள் இதற்காகத் தீவுக்குப் போக வேண்டியதில்லை, பட்டர்வொர்த்திலேயே மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்கள் உள்ளன.

வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை, எத்தனை மாதம் பாக்கி என்பதையெல்லாம் அங்கே நிரூபித்தாக வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். “நம்ம ஆளுதான் அண்ணே, அக்ரிமெண்ட் எதுக்கு?” என்ற ஒரு வார்த்தையில் சாவி கை மாறிவிடுகிறது. தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை இருக்கும் வரை இருந்தோம், ஓய்வு பெற்றதும் காலி செய்தோம். வாடகை ஒப்பந்தம் எழுதும் பழக்கம் அந்த வாழ்க்கையில் யாருக்கும் தேவைப்படவில்லை. தேசிய நிலச் சட்டப்படி 3 ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்ப்பேச்சிலும் செல்லும் என்பது உண்மைதான். செல்லும் என்பது வேறு, நிரூபிப்பது வேறு. (3 ஆண்டைத் தாண்டினால் அது குத்தகை. நில அலுவலகத்தில் பதிய வேண்டும்.)

எழுதினால் மட்டும் போதாது, முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை 1949ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பின்னர் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்யலாம், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இதில் அண்மையில் இரண்டு மாற்றங்கள் வந்துள்ளன. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்குத் தீர்வை இல்லை. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. இப்போது ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை 3 ரிங்கிட். மாத வாடகை 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9,600. அதை 250ஆல் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 39. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 39 ரிங்கிட், இரண்டு ஆண்டுக்கு 117 ரிங்கிட். கூடுதல் பிரதி ஒவ்வொன்றுக்கும் 10 ரிங்கிட். ஒரு மாத வாடகையைக் காப்பாற்ற இது பெரிய செலவல்ல.

இரண்டாவது மாற்றம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சுயமதிப்பீடு. வாடகை, குத்தகை ஆவணங்கள் அதன் முதல் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. இவ்வளவு கட்டுங்கள் என்று அதிகாரி கணக்குப் போட்டுச் சொல்லும் காலம் முடிந்தது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் நாமே கணக்கிட்டு, அறிவித்து, கையெழுத்தான 30 நாள்களுக்குள் கட்ட வேண்டும். வாரியம் பின்னர் கணக்கைச் சோதித்துக் கூடுதல் தொகை கேட்கலாம். தாமதம் 3 மாதத்துக்குள் என்றால் 50 ரிங்கிட் அல்லது தீர்வையில் 10 விழுக்காடு, அதற்கு மேல் போனால் 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு, எது அதிகமோ அது அபராதம். சட்ட அட்டவணைப்படி தீர்வையைக் கட்ட வேண்டியவர் வாடகைதாரர். அவர் கட்டாமல் விட்டால் நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்பது வீட்டுக்காரர். அதனால் சாவி கொடுக்கும் முன்பே கட்டி முடித்துவிடச் சொல்லுங்கள்.

பினாங்கில் பழைய ஆள்களிடம் பேசினால், “குடியிருப்பவரைக் கிளப்ப முடியாது, வாடகையை ஏற்ற முடியாது” என்பார்கள். அது ஜார்ஜ் டவுன் நினைவு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி முடிவுக்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்குத்தான் பொருந்தியது. 1997இல் அதை ரத்து செய்யும் சட்டம் வந்து, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு கட்டுப்பாடு முடிந்தது. நம் வரிசை வீடுகளுக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

மின்சாரக் கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றச் சொல்லும்போது பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். மீட்டரைச் சேதப்படுத்தி மின்சாரம் திருடினால், பாக்கிக் கணக்கு மின்கட்டண ரசீதில் உள்ள பெயருக்கு வரும். 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை கிரிப்டோ நாணயச் சுரங்கத்துக்காக 13,800க்கும் மேற்பட்ட இடங்களில் நடந்த மின் திருட்டால் தெனாகா நேஷனலுக்கு சுமார் 4.6 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதற்கு வாடகை வீடுகளும் கடைவீடுகளும் வசதியான மறைவிடங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு வீட்டைப் பார்வையிடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை வேலைக்கு வரும் அந்நியத் தொழிலாளர்களுக்கு வீடு கேட்டு ஏஜெண்டுகள் வருவார்கள், வாடகையும் கூடுதலாகக் கிடைக்கும். அங்கே இரண்டு சட்டங்கள் காத்திருக்கின்றன. முறையான ஆவணம் இல்லாதவர்களைத் தங்கவிட்டால், குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவில் ஒவ்வொரு நபருக்கும் 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு வீட்டில் பத்துப் பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தொழிலாளர் தங்குமிடச் சட்டம் 446இன் கீழ், முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். இல்லையேல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். இது ஒரு காலத்தில் தோட்ட வீடுகளுக்காகப் பேசப்பட்ட சட்டம் என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஏஜெண்டின் பெயரில் ஒப்பந்தம் எழுதாதீர்கள். முதலாளி நிறுவனத்தோடு எழுதி, சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு. வீட்டுக் கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது.

வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வீடமைப்பு அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. அது வரும் வரை வைப்புத் தொகைக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்பது வெறும் வழக்கம்தான். “இந்தியர்களுக்கு இல்லை” என்று விளம்பரம் போடும் தனியாரைத் தடுக்கவும் இன்று சட்டம் இல்லை. அந்த விளம்பரத்தால் மனம் நொந்தவர்களே நம்மில் சிலர், தங்கள் வீட்டுக்கு ஆள் தேடும்போது வேறொரு இனத்தின் பெயரைப் போட்டு அதையே எழுதுகிறார்கள். சம்பளச் சீட்டு, வேலையிடம், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண். ஆளை எடைபோட இந்த மூன்றையும் கேட்டாலே போதும்.

ஏற்கெனவே ஒப்பந்தம் இல்லாமல் ஆள் குடியிருந்தால், பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். இன்றைய தேதியில் எழுதி, இதுவரை உள்ள பாக்கியை ஒரு வரியில் குறிப்பிட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். சுவர், கதவு, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் பிடித்து இணைத்துவிட்டு, 30 நாளுக்குள் தீர்வையைக் கட்டுங்கள். வாடகையை இனி ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.