கண்மாய் ஒன்று, கணக்கு மூன்று

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கர். லோயர் கேம்ப் பகுதியிலிருந்து பிரியும் 18-ஆம் கால்வாயின் கீழ் மேலும் சுமார் 4,600 ஏக்கர் உள்ளது. இக்கால்வாயின் நீர் கண்மாய்களில் பெருகி, கிணறுகளில் ஊறி, அதன் பின்னரே பல தோட்டங்களைச் சென்றடைகிறது. திராட்சையும் வாழையும் தென்னையும் அதை நம்பி நிற்கின்றன. ஆகவே கண்மாய் மராமத்துக்கு ஒதுக்கப்படும் வரிப்பணம் யார் கையால், எந்த வேலைக்குச் செலவாகிறது என்பது விவசாயிகள் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 40 எக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் முன்பு பொதுப்பணித்துறையின் வசம் இருந்தன. 2021 முதல் அவற்றை நீர்வளத்துறை கவனிக்கிறது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. குட்டையும் ஊருணியும் கிராம ஊராட்சியின் பொறுப்பு.

பணமும் இப்படியே பிரிந்து வருகிறது. பெரிய கண்மாய்க்கு மாநில அரசின் நிதி. கிராம ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் உண்டு. ஆனால் 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. மண் வேலைக்கு 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் பணம் வந்தது. அதில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசுடையது.

வரத்துக்கால் யாருடையது?

கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய் பெருகும். மேலே உள்ளது நீர்வளத்துறையுடையதாகவும், கீழே உள்ளது ஒன்றியத்துடையதாகவும் இருக்கலாம். இடையே ஓடும் வரத்துக்கால் இரண்டு ஊர்களைக் கடக்கும். ஆக்கிரமிப்பு இருந்தால் வருவாய்த்துறையும் வர வேண்டும். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டிலிருந்த ஏரிகளை மனதில் கொண்டே இயற்றப்பட்டது.

இதன் விளைவு என்ன? கண்மாயின் உள்வாய் ஒரு திட்டத்தில் தோண்டப்படும். சில ஆண்டுகளில் இன்னொரு திட்டத்தில் மறுபடியும் தோண்டப்படும். கரையும் உயரும். வரத்துக்காலில் கருவேல் மண்டிக் கிடக்கும்; மடைப்பலகை உடைந்தபடியே இருக்கும். ஒவ்வொரு அலுவலகத்தின் கணக்கும் சரியாகவே இருக்கும்; கடைமடை நிலம் மட்டும் காய்ந்திருக்கும். இதில் பணப் பற்றாக்குறையைவிடப் பணம் சேராமல் போவதே பெரிய குறை.

எல்லாவற்றையும் கிராம ஊராட்சியிடமே கொடுத்துவிடலாம் என்பார் உண்டு. அது முழுத்தீர்வு ஆகாது. இரண்டு ஊருக்கு இடையிலான நீர் வழக்கை ஓர் ஊராட்சி தீர்க்க முடியாது. கண்மாய்த் தொடரும் அதன் வரத்துக்கால்களும் மாநிலத் துறையின் ஒரே மதிப்பீட்டில் வர வேண்டும். மடைக்குக் கீழே உள்ள வயல் வாய்க்கால்களை ஊராட்சியும் ஆயக்கட்டுதாரர்களும் கவனிப்பதே பொருத்தம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வேலையின் வரிசை. வரத்துக்கால், பிறகு கலுங்கும் மடையும், பிறகு கரை, கடைசியில் வண்டல் என்பதே முறை. வண்டலுக்குப் பெரும்பணம் தேவையில்லை. விவசாயிகள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி அளிக்கலாம் என்று 2024-இல் விதி எளிதாக்கப்பட்டது. மணற்பாங்கான தோட்டத்துக்கு அது ஈரம் காக்கும் நல்ல மண்.

இரண்டாவது, விவசாயிகளின் பங்கு. 2017-இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் ஆயக்கட்டுதாரர்கள் 10 சதவீதத்தைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தர வேண்டும் என்று இருந்தது. பங்கு கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. ஒருமுறை கண்மாய் பெருகி, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததைப் பாசனதாரர்கள் உறுதி செய்த பின்னரே கடைசிப் பட்டியல் பட்டுவாடா ஆக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரே பதிவேடு. எந்த அரசின் பணமானாலும், எந்த ஆண்டில், எந்த வேலைக்கு, எவ்வளவு என்று அதில் எழுதிக் கிராம சபையில் படிக்க வேண்டும். தேனி மாவட்ட ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அத்தகைய காலத்தில் இந்தப் பதிவேடு இன்னும் அவசியமாகிறது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வேலைவாய்ப்புச் சட்டம், செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் மீது வைத்துள்ளது. இனி ஒரே கண்மாயை இருமுறை தோண்டினால் மாநிலக் கருவூலத்துக்கும் நட்டம். பதிவேடு தொடங்க இதுவே தக்க தருணம்.

பாசன விவசாயிகள் அடுத்த கிராம சபைக்குச் செல்லும்போது புதிய நிதி கேட்பதற்கு முன், தங்கள் கண்மாயில் கடந்த பத்து ஆண்டுகளில் செலவான தொகையின் கணக்கைக் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்காலை ஒருமுறை கூட்டாக நடந்து பார்ப்பதும் நல்லது.