ஆனை கொன்ற பாம்பும் அளந்து பார்க்காத நாவும்

பூச்சோங் வட்டாரத்தில் அடைமழை பெய்து வடிகால் நிரம்பினால் மலைப்பாம்பு வெளிப்படும். அது வெளிப்பட்ட மறுகணமே "அனகோண்டா!" என்னும் கூக்குரலும் எழும். பாம்பு மெய், பெயர் பொய். அனகோண்டா தென் அமெரிக்கச் சதுப்புகளுக்கு உரியது. இங்கே வாழ்வது, மலாய்க்காரர் 'சாவா பாத்திக்' என வழங்கும் மலைப்பாம்பு. இம்மண்ணுக்கே உரிய உயிர்.

இதனைச் சுட்டினால், தமிழ்ப்பற்றின் பெயரால் எதிர்வாதம் தொடுப்பாரும் உளர். 'ஆனை கொன்ற' என்பதே அனகோண்டா ஆயிற்றாம்; ஆகவே ஆனையைக் கொன்ற பாம்பு தமிழ் வழங்கும் நிலத்தில் திரிந்ததாம்! முதற்பாதியில் சிறிது சரக்குண்டு. 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' அகராதி அத்தமிழ் மூலத்தைக் காட்டியது. ஆயினும் 1693இல் ஜான் ரே வெளியிட்ட பாம்புப் பட்டியல், எருமையை நொறுக்கும் இலங்கைப் பாம்புக்கே அப்பெயரைச் சூட்டுகிறது. சிங்களத்தில் 'ஹெனகந்தயா' என்பதோ மெலிந்த கொடி போன்ற ஒரு பாம்பு! வழக்கு இன்னும் தீரவில்லை. தமிழே வென்றதாகக் கொள்வோர்க்கும் ஒரு கேள்வி உண்டு: பெயர் எப்போது சாட்சியாயிற்று? கடித்தவனின் சுடலைப் புகையைக் கொம்பேறிப் பார்க்கும் என்று தமிழர் பெயரிட்ட கொம்பேறிமூக்கன், உண்மையில் எவரையும் கொல்லாத நஞ்சிலிப் பாம்பன்றோ?

1768இல் 'ஸ்காட்ஸ் மேகசின்' என்னும் இதழில், இலங்கையில் அனகோண்டா ஒரு புலியை நொறுக்கி விழுங்கிய காட்சியைக் கண்டதாக ஒருவர் எழுதினார். இலங்கைக் காட்டில் புலியே கிடையாது. சிறுத்தையை அவ்வாறு குறித்தார் என்று வாதாடலாம். அங்ஙனமாயின் பாம்பின் அளவையும் அதே கண்தானே கண்டது? பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் தோதேன் அப்பெயரைத் தென் அமெரிக்கப் பாம்புக்கு மாற்றினார். ஆசியாவில் பிறந்த பெயர் கடல் கடந்து போயிற்று. பாம்பு அங்கிருந்து இங்கு வரவேயில்லை.

அளவுப் பொய்க்கு ஆசியா என்றும் குறை வைத்ததில்லை. 2004இல் ஜாவாவில் ஏறத்தாழ 15 மீட்டர் என்று காட்சிக்கு வைத்த மலைப்பாம்பை ஒரு செய்தியாளர் அளந்தபோது அது 7 மீட்டரைக்கூட எட்டவில்லை. உரித்த தோலை இழுத்து உலர்த்தினால் அது நீளும் என்பதைத் தோல் வணிகர் அறிவர். வியந்து நிற்போர் அறியார். 30 அடிப் பாம்பை உயிருடன் கொணர்வோர்க்கு நியூயார்க் விலங்கியல் கழகம் பல பத்தாண்டுகள் பரிசு அறிவித்திருந்தது. அறிவிப்புத் திரும்பப் பெறப்படும்வரை அதனை எவரும் பெறவில்லை.

இது வெறும் சொற்பூசல் அன்று. 1906இல் 4,000 ஹெக்டருக்கு மேல் பரந்திருந்த பூச்சோங்கின் ஆயர் ஈத்தாம் காடு, இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. சுற்றியிருந்த தோட்டங்களும் வீடமைப்புப் பகுதிகள் ஆயின. பாம்பு ஊருக்குள் வரவில்லை. ஊரே பாம்பின் இல்லத்துக்குள் புகுந்தது. செம்பனைக் காட்டில் எலி தின்று தோட்டத்துக்கு உதவிய அவ்வுயிரை 'அனகோண்டா' என்று அழைத்த மாத்திரத்தில் அது அயல்நாட்டுப் பகையாகிவிடுகிறது. உடனே கட்டையும் பாராங்கத்தியும் வருகின்றன. பெரிய மலைப்பாம்பு ஆபத்தற்றது என்று எவரும் சொல்லவில்லை. 2017இல் சுலாவேசியில் அது ஒரு மனிதரை விழுங்கியது உண்மை. அதற்காகவே 999 என்னும் எண் இருக்கிறது. பொதுத் தற்காப்புப் படையினர் சாக்கோடு வந்து பிடித்துச் செல்வர்.