படிக்கட்டும் அம்மா, நிலத்தை மட்டும் விற்காதீர்கள்



செட்டியார்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வேலை. மகள் ராஜபாளையத்தில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். மேலே ‘மாலிக்யூலர் நியூரோசயின்ஸ்’தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். “இது டாக்டர் படிப்பா? முடித்தால் ஊசி போடலாமா? இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். இருக்கிற முக்கால் ஏக்கரை விற்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். இந்த இதழில் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்கான பதில்தான். மற்றவர்களும் படிக்கலாம்.

டாக்டர் படிப்பு இல்லை, அம்மா. ஊசி போட முடியாது, மருந்துச் சீட்டும் எழுத முடியாது. சீட்டில் எழுதுகிற மருந்து நரம்புக்குள் போய் எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறவர்களின் படிப்பு அது.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை மிளகாய் வத்தலை வைத்துச் சொல்வதுதான் பொருத்தம். காரம் நாக்கு அறியும் சுவைகளில் சேர்ந்ததல்ல, அது வலி. வத்தலில் இருக்கும் கேப்சைசின் என்ற பொருள் எப்படி வலியாகிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1997-ல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் விடை கண்டது. வலியை உணரும் நரம்புச் செல்களில் வேலை செய்யும் ஜீன்களைத் தொகுத்து, காரமென்றால் என்னவென்றே அறியாத வேறு செல்களுக்குள் பகுதி பகுதியாகச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஜீன் உள்ளே போன செல்கள் மட்டும் கேப்சைசின் பட்டதும் விழித்துக்கொண்டன. அந்த ஜீன் உண்டாக்கும் புரதத்துக்கு டி.ஆர்.பி.வி.1 என்று பெயர். நரம்புச் செல்லின் மேல்தோலில் அது ஒரு கதவு மாதிரி இருக்கிறது. காரம் பட்டால் திறக்கும், கால்சியம் உள்ளே பாயும், மூளைக்குச் சேதி போகும். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறினாலும் அதே கதவுதான் திறக்கிறது. சூடான காபிக்கும் காரக் குழம்புக்கும் நாம் ‘எரியுது’ என்றே சொல்வதற்குக் காரணம் அதுதான். 2021-ல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் பட்டாபூட்டியனோடு சேர்த்து.

கிளி மட்டும் மிளகாய்ப் பழத்தை அலட்டிக்கொள்ளாமல் தின்கிறதே? பறவைகளுக்கும் அதே புரதம் உண்டு. ஆனால் அமைப்பில் சிறிய வித்தியாசம்: சூட்டுக்குத் திறக்கும், காரத்துக்குத் திறக்காது. கோழியின் புரதத்தை வைத்து 2002-ல் இதையும் ஜூலியஸின் கூடமே காட்டியது.

கதவைச் சாத்தும் மருந்து செய்தால் வலியே இராதே என்று மருந்துக் கம்பெனிகள் இறங்கின. சோதனையில் பலருக்கு உடம்புச் சூடு ஏறிவிட்டது. அந்தப் புரதத்துக்கு உடல் வெப்பத்தைக் கட்டிக்காப்பதிலும் பங்கு இருந்திருக்கிறது! மறுபுறம், அக்கி வந்து போனபின் விடாமல் குத்தும் நரம்பு வலிக்கு, கேப்சைசின் தடவிய ஒட்டுப்பட்டையே மருந்தாக வந்துவிட்டது. உங்கள் மகள் போக விரும்புவது இப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் 1970-களிலிருந்து, உடம்புக்குள்ளேயே ஓடும் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார். வெளிச்சமே எட்டாத குகைக்குள் தொங்கும் வௌவால்களுக்குச் சாயங்காலம் ஆனது எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. கூட்டம் வந்துபோகும் குகையில் அடைத்துவைத்த வௌவால் நேரம் தவறவில்லை; கூட்டமில்லாத இருட்டில் தனியே விட்டபோது அதன் நாள் மெல்ல மெல்ல நகர்ந்துபோனது. சுற்றத்தாரின் வரவும் போக்குமே அதற்குக் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்திருக்கிறது. மணி தெரியாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் அந்த வளாகத்தில் ஆராய்ந்தார்கள்.

அந்தக் கடிகாரம் எந்த ஜீனில் ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து அமெரிக்காவில் தேடினார்கள். 1971-ல் தடயம் கிடைத்தது, 1984-ல் ஜீனே கைக்கு வந்தது, 2017-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

ஈ என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கி, மணமும் சுவையும் அறியாத ஈக்களைப் பிரித்தெடுத்து, எந்த ஜீன் கெட்டதால் அந்த உணர்வு போயிற்று என்று தேடினார். அவர் உருவாக்கிய தேசிய உயிரியல் அறிவியல் மையம் இன்று பெங்களூருவில் இருக்கிறது. அதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையமும், 1995-லிருந்து மூளை வங்கி நடத்தும் நிம்ஹான்ஸும் உண்டு. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். நம் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருப்பருவச் சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 2024-ல் உலகத்துக்கே திறந்து கொடுத்தது.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். விற்காதீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் போன்ற இடங்களில் மாலிக்யூலர் நியூரோசயின்ஸ் என்ற பெயரிலேயே ஓராண்டு எம்.எஸ்சி. இருப்பது உண்மை, தரமும் குறைவில்லை. ஆனால் கட்டணமே பல லட்சம். அந்த ஒரு வருடத்தோடு யாரும் ஆராய்ச்சியாளர் ஆகிவிடுவதில்லை, அதற்குப் பிறகு பிஎச்.டி. பண்ணியாக வேண்டும். நல்ல பிஎச்.டி.க்கு மாணவர் பணம் கட்டுவதில்லை, அவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். வெளிநாடுதான் என்றால் ஜெர்மனியின் கோட்டிங்கன் இருக்கிறது. அங்கே நரம்பியல் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஆண்டுக்குச் சுமார் இருபது இடம்தான், உலகமே போட்டியிடும்.

எம்.எஸ்சி.யில் நரம்பியல் என்ற பெயரே இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம் எதைப் படித்தாலும் நரம்பியல் ஆய்வுக்கூடம் சேர்த்துக்கொள்ளும். பிப்ரவரியில் ஜாம், டிசம்பரில் டாடா நிறுவனம் நடத்தும் ஜீபில்ஸ், முதுகலை உயிர்தொழில்நுட்பத்துக்கு ஜி.ஏ.டி.-பி; இந்த மூன்று நுழைவுத் தேர்வுகளுக்கும் விண்ணப்பிக்கட்டும். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு உதவித்தொகையில் இரண்டு மாதம் ஒரு கூடத்தில் இருந்து பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. நாள் முழுக்க பைப்பெட்டும் கையுமாக நின்று, வந்த முடிவு தப்பென்று மறுநாள் மறுபடி நிற்க மனம் ஒப்புகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஒப்பவில்லை என்றால் வேறு படிக்கலாம், நஷ்டமில்லை.

எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்த்து ஏழெட்டு வருடம் ஆகும். பிறகு கிடைப்பது பேராசிரியர் வேலையாகவோ மருந்துக் கம்பெனி வேலையாகவோ இருக்கலாம். உடனே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இருபத்தெட்டு வயதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து போய் இத்தகைய ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்கள் இந்த இதழைப் பார்த்தால் எங்கள் முகவரிக்கு நாலு வரி எழுதுங்கள். அந்தப் பெண்ணோடு பேச உங்களில் ஒருவர் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்