கழிவைத் தராசில் தேடாதீர்கள்

"நாநா, யாவாரம் நல்லாத்தான் நடக்குது. ஆனா கையில காசு நிக்குதில்ல." சில்லறைக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் இவ்வாறு குறைபட்டுக்கொண்டார். கொள்வனவுச் சிட்டைகளை எடுத்துவரச் சொல்லி இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பிழை பின்னக் கணக்கில் இருந்தது.

விளங்கிக்கொள்வதற்காக இலகுவான எண்களில் சொல்கிறேன். கிலோ 200 ரூபாப்படி 50 கிலோ பெரிய வெங்காயம் ஒரு மூடை வாங்குகிறீர்கள். விலை 10,000 ரூபா. லொறிக் கூலி, நாட்டாமிக் கூலி 350 ரூபா. மொத்தம் 10,350 ரூபா. இதை 50ஆல் பிரித்தால் கிலோ 207 ரூபா.

பலர் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறோம். ஆனால் அழுகல், காய்ச்சல், சாக்கின் நிறை என்று பத்தில் ஒரு பங்கு கழிந்துவிட்டால் விற்பதற்கு எஞ்சுவது 45 கிலோதான். அந்த 45 கிலோவே முழு 10,350 ரூபாவையும் சுமக்க வேண்டும். அப்படியானால் கிலோவின் அடக்கவிலை 230 ரூபா. வாங்கிய 200 ரூபாவை மட்டும் மனதில் வைத்து 230க்கு விற்பவர், கிலோவுக்கு 30 ரூபா இலாபம் என்று நினைப்பார். உண்மையில் ஒரு சதமும் மிஞ்சவில்லை. கடை வாடகையும் மின்கட்டணமும் முதலிலிருந்தே போகின்றன. அந்தச் சகோதரரின் கடையில் நடந்ததும் இதுதான்.

இன்னொரு தவறும் உண்டு. பத்தில் ஒன்று கழிந்தால் விலையில் பத்தில் ஒன்றைக் கூட்டினால் சரி என்று நினைப்பது. 207உடன் பத்தில் ஒன்றைக் கூட்டினால் 227 ரூபா 70 சதம்தான் வரும். பத்தில் ஒன்று கழிந்தால் ஒன்பதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 207இல் ஒன்பதில் ஒன்று 23, கூட்டினால் 230. இதேபோல, ஐந்தில் ஒன்று கழிந்தால் நான்கில் ஒன்று. நான்கில் ஒன்று கழிந்தால் மூன்றில் ஒன்று. காய்கறி, கருவாடு விற்போர் இதை மனனமிட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கைப் பார்க்காதவருக்குத்தான் ஷைத்தான் தராசைக் காட்டிக்கொடுக்கிறான். நட்டத்தை ஈடுசெய்யப் பெட்டியையும் பையையும் சேர்த்து நிறுப்பது, முள் நிற்குமுன் பொருளை எடுப்பது எல்லாம் இங்கிருந்தே தொடங்குகின்றன. அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான சூரத்துல் முதஃப்பிபீன், அளவை நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரித்தே ஆரம்பமாகிறது. நிறுத்துக் கொடுக்கும்போது தட்டு சற்றுத் தாழும்படி கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். கழிவை விலையில் சேர்ப்பது நேர்மையான வியாபாரம். அதை நிறையில் சேர்ப்பது களவு.

காற்கிலோ விலையிலும் கவனம் தேவை. பலகையில் கிலோ 250 ரூபா என்று எழுதிவிட்டு, சில்லறை இல்லை என்று காற்கிலோவுக்கு 65 ரூபா எடுக்கிறோம். சரியான விலை 62 ரூபா 50 சதம். 65 எடுத்தால் கிலோ 260 ஆகிறது. காற்கிலோ வாங்குபவர் பெரும்பாலும் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர். வசதியுள்ளவர் 250க்கு வாங்க, அவர் 260 கொடுக்கிறார். கிலோ விலையை 240, 260 என்று இருபதின் மடங்காக வைத்தால் காற்கிலோ 60, 65 என்று சில்லறைப் பிரச்சினையின்றி வரும். சிறிய அளவுக்குத் தனி விலை வைப்பதானால் அதையும் பலகையில் எழுதுங்கள். விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படியும் எமது கடமையாகும்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். மூடை வந்ததும் நிறுத்து எழுதுங்கள். சாக்கையும் வீசும் கழிவையும் நிறுத்து எழுதுங்கள். விற்ற நிறையையும் கூட்டிப் பாருங்கள், குறைவது காய்ச்சல். ஒரு மாதத்தில் உங்கள் கடையின் கழிவு எத்தனையில் ஒன்று என்பது தெரிந்துவிடும். அதன்பின் விலையைக் கொப்பி சொல்லும். தராசு நிறையை மட்டும் சொல்லட்டும்.