முதல் இரண்டு பாடவேளைகளை விட்டுவிடுங்கள்

ஆசிரியர்களின் பணிச்சோர்வுக்கு யோகா, தியானம், சுற்றுலா என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால், உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இந்தச் சோர்வை நோயாக அல்ல, பணியிடத்தில் தீராமல் தேங்கிய மன அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. ஆசிரியரை அதிகம் அரிப்பது இந்த மூன்றாவதுதான் என்பேன். அதற்கு மருந்து வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. நேற்றுவரை எழுத்துக்கூட்டித் திணறிய மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இன்று ஒரு முழு வரியைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்க்கிறதே, அந்த நொடி! அதைப் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிவைத்தால், உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

‘இத்தகைய நொடிகளில் மகிழ்ச்சி காணுங்கள்’ என்று சொல்வது, அரசின் பொறுப்பை ஆசிரியர் தலையில் கட்டுவதாகாதா? நியாயமான கேள்வி. எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றமும் அவசரப் புள்ளிவிவரங்களும் பாடவேளையைத் தின்றால், அந்த நொடியை ஆசிரியர் பார்க்கவே முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. பதிவேற்ற வேலைகளையும் அந்தப் பிரிவின் நோக்கத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்காக, நிர்வாகம் திருந்தும்வரை மகிழ்ச்சியைத் தள்ளிப்போட முடியாது; போராடும் தெம்பே அதிலிருந்துதான் வருகிறது. தலைமை ஆசிரியர்களே, வட்டாரக் கல்வி அலுவலர்களே, காலையின் முதல் இரண்டு பாடவேளைகளிலாவது எந்தப் புள்ளிவிவரமும் கேட்காதீர்கள்.